கல்லடியான் படுகை

தங்கையைத் திட்ட வேண்டுமென்றால் அண்ணன் நாயைக் கூப்பிடுவார்.

"ஏய், இங்க வா. சாப்பிடறது இந்த வீட்டுல, வாலை ஆட்டறது ஆத்துக்கா? உனக்கெல்லாம் வெக்கமே கிடையாதா?"

நாய் காதை மடக்கிக்கொண்டு வந்து நிற்கும். என்ன தப்பு செய்தோம் என்று அதற்குத் தெரியாது. ஆனாலும் தப்பு செய்த மாதிரியே பார்க்கும். வெளிப்படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருக்கும் தங்கைக்கு எல்லாம் தெரியும். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அந்த நாய் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவுக்கு வேறொரு நாயாக இருந்தால் எப்போதோ ஊரை விட்டே ஓடியிருக்கும்.

கீழ்வீடு அண்ணனுக்கு, மாடி தங்கைக்கு. அப்பா சாவதற்கு முன்னால் அப்படித்தான் பிரித்துக் கொடுத்தார். கல்யாணம் முறிந்து இரண்டு பெட்டியோடு அவள் வந்து நின்றபோது அந்தப் பெட்டிகளை மாடிக்குத் தூக்கிப் போனவர் அண்ணன்தான். ஏன், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்; இல்லாவிட்டால் கதை ஒருதலையாகப் போய்விடும். அதற்குப் பிறகுதான் அவர் வாய்க்கால் சங்கத்துக்குத் தலைவரானார். அவளோ அதே ஆற்றின் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கு மாற்றலாகி வந்தாள். அன்றோடு இருவருக்கும் நேர்ப்பேச்சு நின்றது.

ஆற்றை மறித்து ஓர் அணை. அதன் பக்கவாட்டில் வாய்க்கால் மதகு. மதகைத் தூக்கினால் ஆறு திரும்பி வாய்க்காலில் போகும்; அண்ணனின் மாதுளைத் தோட்டமும், அவர் மாதிரி எத்தனையோ பேருடைய தோட்டமும் குடிக்கும். மதகை இறக்கினால் ஆறு அணையைத் தாண்டித் தன் வழியே போகும். அணைக்குக் கீழே ஒரு சரளைப் படுகை இருந்தது. அங்கே தட்டைக் கற்களுக்கு அடியில்தான் கல்லடியான் முட்டையிடும்.

கல்லடியான் விரல் நீளத்துக்கு ஒரு மீன். பாசி நிறம், உடம்புக்கு மிஞ்சிய தலை. பார்க்கிறவர்களுக்கு ஆசை வராது. பிடித்துத் தின்னவும் ஒன்றும் தேறாது. இந்த ஆற்றைத் தவிர வேறெங்கும் அது கிடையாது. ஒரு காலத்தில் ஆறு நெடுகிலும் இருந்தது. ஒவ்வொரு வாய்க்காலாகப் பிரியப் பிரிய, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, மிஞ்சியது அந்த ஒரு படுகை மட்டும். பெண்மீன் கல்லின் அடிப்பக்கத்தில் முட்டைகளை ஒட்டிவிட்டுப் போய்விடும். குஞ்சு பொரிக்கும்வரை ஆண்மீன் அந்தக் கல்லுக்கடியிலேயே கிடந்து துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கும். இரை தேடக்கூட நகராது.

அதனால் முட்டைக்காலத்துக்கென்று ஓர் ஏற்பாடு இருந்தது. படுகை தொடங்கும் இடத்தில் மீன் நிலையம் ஓர் அளவுகோலை நட்டிருந்தது. அதில் முழங்கால் உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை மதகு எவ்வளவு உயரத்திலும் இருக்கலாம். கோட்டுக்குக் கீழே போனால் இறக்கியே ஆக வேண்டும். மதகுக்காரர் தினமும் அந்தக் கோலைப் படம் எடுத்து, மேலதிகாரிகளும் சங்கத்துக்காரர்களும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும்.

இன்னொரு விதி அவளாகவே சண்டை போட்டு வாங்கியது. முட்டைக்காலத்தில் படுகைக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. ஒரு கல் புரண்டால் ஒரு குடும்பம் போய்விடும். மீன் நிலையத்து ஆட்களுக்கும் சேர்த்துத்தான் இந்த விதி. இரண்டு கரையிலும் பலகை வைத்தாள். அதற்காக வாய்க்கால்காரர்கள் அவளுக்கு மீன்காரி என்று பட்டம் கட்டினார்கள். கேலிக்குத்தான் வைத்தார்கள். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

அன்று காலை மீன்காரி ஒரு வாரத்துக்குப் பிறகு அணைக்குப் போனபோது மதகு மேல்தட்டு வரை தூக்கியிருந்தது. வாய்க்கால் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. மதகு மேடையில் மதகுக்காரரோடு சங்கத்து ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரை எல்லாரும் பம்புசெட்டு என்பார்கள். அவர் ரகசியம் பேசினாலும் எதிர்க்கரைக்குக் கேட்கும்.

"வாங்க மீன்காரம்மா! இன்னிக்கு கிலோ என்ன விலை?"

அவளை அழைத்து வந்த நிலையத்து ஜீப் ஓட்டுநர் சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"மதகு ஏன் இவ்வளவு மேல இருக்கு?" என்று மதகுக்காரரைக் கேட்டாள்.

"கோலைப் பாருங்க மேடம். கோட்டுக்கு மேலயே ரெண்டு விரல் நிக்குது."

மேடையிலிருந்து பார்த்தாள். உண்மைதான். சிவப்புக் கோடு தண்ணீருக்குள் நனைந்து கிடந்தது.

"வாய்க்கால்ல இவ்வளவு போனா ஆத்துல இவ்வளவு எப்படி நிக்கும்?"

"மேல எங்கயாவது மழை பேஞ்சிருக்கும்."

"எந்த மழை? வானத்தைப் பாத்து எவ்வளவு நாளாச்சு?"

"பாருய்யா!" என்றார் பம்புசெட்டு. "தண்ணி இல்லேன்னாலும் அழறாங்க, இருந்தாலும் அழறாங்க. இவங்களைக் கட்டினவன் ஓடிப்போனதுல தப்பே இல்ல."

மதகுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மீன்காரி பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது அவளுக்குக் கைவந்த கலை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசாமல் நிற்பாள்; எதிரில் இருப்பவர்தான் நெளிய வேண்டும். பம்புசெட்டு நெளிந்து, தொண்டையைக் கனைத்து, பீடியைத் தேடினார்.

அவள் தன் அதிகாரிக்குப் போன் போட்டாள். "கோல் சரியா இருக்கா இல்லையா?" என்றார் அவர். "இருக்கு சார், ஆனா..." "அப்புறம் என்னம்மா ஆனா? போட்டோ வந்துடுச்சு, நானும் பாத்துட்டேன். சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுக்காத." போன் வைக்கப்பட்டது.

திரும்பும்போது பாலத்தில் ஜீப்பை நிறுத்தச் சொன்னாள். பாலத்திலிருந்து படுகை தெரியாது, நாணல் மறைத்துவிடும். ஆனால் நாணலுக்கு மேலே காக்கைகள் எழுவதும் இறங்குவதும் தெரிந்தது. ஒன்றிரண்டு அல்ல, ஒரு கூட்டம்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "காக்கா தண்ணியில எறங்கி நடக்குமா?" என்று கேட்டாள்.

"கொக்கு நடக்கும். காக்கா காலை நனைச்சுக்காது," என்றார் ஓட்டுநர். "போய்ப் பாத்துடலாமே மேடம்."

"போகக் கூடாது."

"யாரு சொன்னா?"

"நான்தான்."

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். இது என்ன வம்பு என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போன வருடம் படம் எடுக்கிறேன் என்று உள்ளே இறங்கிய ஒருவரை அவளே போலீசில் பிடித்துக் கொடுத்திருந்தாள். காக்கை பறந்தது என்பதற்காகத் தானே இறங்கினால், நாளைக்கு ஊரே இறங்கும். சந்தேகத்துக்காக ஒரு கல்லைப் புரட்டிப் பார்ப்பதா? ஒருவேளை கீழே எல்லாம் சரியாக இருந்தால், தன் காலாலேயே அதைக் கெடுத்தவளாகிவிட மாட்டாளா? கோல் சொல்வதை நம்பாமல் வேறு எதை நம்புவது? அந்தக் கோலை நட்டதும் அவள்தான்.

அன்று பொழுது முழுவதும் நிலையத்தில் தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். காற்றுக் குழாய்கள் குமிழி விட்டுக்கொண்டிருந்தன. கல்லடியானைத் தொட்டியில் வளர்க்க மூன்று முறை முயன்று, மூன்று முறையும் முட்டைகள் பூசணம் பிடித்துச் செத்தன. ஓடுகிற தண்ணீர் வேண்டும் அதற்கு. ஓடாத தண்ணீரை அது தண்ணீராகவே மதிப்பதில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் முற்றத்தில் இருந்தார். அன்று நாய்க்கு வசவு விழவில்லை, பிஸ்கட் விழுந்தது. அவர் வாயில் ஏதோ பாட்டு. அன்று மாடியில் மீன்காரி சோற்றைப் பிசைந்து அப்படியே மூடி வைத்தாள். அண்ணன் திட்டும் நாட்களில் அவள் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறாள்.

விஷயத்தை உடைத்தவள் அண்ணி. காட்டிக்கொடுக்க வேண்டும் என்று அல்ல, கோபத்தில். மறுநாள் காலையில் படிக்கட்டின் அடியில் வழிமறித்து நின்றாள்.

"திருப்தியா உனக்கு? இந்த வயசுல மனுஷன் ஒரு வாரமா ராத்திரியெல்லாம் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கிறார். கையெல்லாம் சிராய்ப்பு. ஒத்தாசைக்கு ஆள் இருந்தும் தானே எறங்கிக் கல்லு தூக்கினா வேற என்ன ஆகும்? எல்லாம் உன்னாலதானே!"

"எந்தக் கல்லு அண்ணி?"

அண்ணியின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு மூடிக்கொண்டது. பிறகு கதவும் மூடிக்கொண்டது.

மீன்காரி கரையில் செருப்பைக் கழற்றினாள். தன் பெயர் போட்ட பலகையைத் தாண்டி நாணலுக்குள் நுழைந்தாள். பின்னால் வந்த ஓட்டுநரிடம், "நான் வச்ச எடத்துலயே காலை வைங்க," என்றாள். நாணலின் மறுபக்கம் வந்தபோது அந்த எச்சரிக்கைக்கு அவசியமில்லாமல் போயிற்று.

படுகை காய்ந்திருந்தது. நடுவில் மட்டும் கயிறு மாதிரி ஒரு தண்ணீர்; அதுவும் நகர்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. மற்ற இடமெல்லாம் சரளை வெள்ளையாக வெளுத்துக் கிடந்தது. பாசி கற்களின் மேல் காகிதமாக உரிந்து நின்றது. காக்கைகள் சாவகாசமாக நடந்தன. ஒவ்வொரு கல்லாகப் பக்கவாட்டில் அலகை விட்டு நெம்பின. ஓடுகிற மீனைப் பிடிக்கத்தான் சாமர்த்தியம் வேண்டும். ஓடாத மீனுக்கு அலகு போதும்.

அவள் ஒரு கல்லைத் தூக்கினாள். அடியில் முட்டைகள் சுருங்கி, உப்புப் பூத்த மாதிரி ஒட்டியிருந்தன. அதன் கீழே ஈர மண்ணில் ஆண்மீன் கிடந்தது. தண்ணீர் இறங்க இறங்க அது நடுத்தண்ணீருக்குப் போயிருக்கலாம். இரண்டு முழம் தூரம்தான். போகவில்லை. அடுத்த கல்லைத் தூக்கினாள். அடுத்ததை. அதற்கு மேல் தூக்கவில்லை.

நேற்று வந்திருந்தால்? பாலத்தில் நின்று காக்கையைப் பார்த்தாளே, அப்போதே இறங்கியிருந்தால்? அந்தக் கேள்வியை அவள் கேட்டுக்கொண்டாளா என்று சொல்ல முடியவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஓட்டுநர்தான் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

"மேடம், கல்லு குறையுதே," என்றார் பிறகு. "இங்கெல்லாம் பள்ளம் பள்ளமா இருக்கு. யாரோ பேத்து எடுத்திருக்காங்க."

எடுத்த கற்கள் எங்கே போயின என்று தேட வேண்டியிருக்கவில்லை. படுகையின் தலைமாட்டில், அளவுகோலுக்குச் சற்றுக் கீழே, ஆற்றின் குறுக்கே கல்லடுக்கி ஒரு வரப்பு. நாணல் தோகையை வெட்டி மேலே போட்டிருந்ததால் மதகு மேடையிலிருந்து பார்த்தால் தெரியாது. வரப்புக்கு மேலே தண்ணீர் குளமாகத் தேங்கி, கோலில் சிவப்புக் கோட்டுக்கு மேல் இரண்டு விரல் நின்றது. வரப்புக்குக் கீழே அந்தக் கயிற்றுத் தண்ணீர்தான். ஆறு ஓடாமலே கோல் நிறைந்திருந்தது. தண்ணீர் அவ்வளவும் மேலே மதகு வழியாக மாதுளைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவள் அந்த வரப்பைப் பிரிக்க ஆரம்பித்தாள். மேல்வரிசைக் கற்களைத் தூக்கித் தூக்கிப் போட்டாள். எல்லாம் தட்டைக் கற்கள். அடுக்குவதற்கு வாகாக இருக்கும் என்று படுகையிலிருந்து தேர்ந்தெடுத்தவை. சிலவற்றில் முட்டைகள் மேற்பக்கமாக வெயிலைப் பார்த்துக் கருகியிருந்தன.

"நிறுத்து!"

எதிர்க்கரையில் அண்ணன். பக்கத்தில் பம்புசெட்டும், மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்த மதகுக்காரரும். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அண்ணன் அவளை நேராகப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை அது.

"நீங்களா பண்ணினீங்க?"

"நான்தான். இப்ப என்ன?"

"உள்ள எறங்கக் கூடாதுன்னு பலகை இருக்கே."

"இருக்கு. அதை நம்பித்தான் எறங்கினேன்." அண்ணன் சிரித்தார். "ஊருல ஒருத்தன் எறங்க மாட்டான், உன் ஆளுங்களும் எறங்க மாட்டாங்க, நீயும் எறங்க மாட்டே. அவ்வளவு நேர்மை உனக்கு. எங்களுக்கு அதை விடப் பெரிய வேலி எதுக்கு?"

பம்புசெட்டு தொடையைத் தட்டிச் சிரித்தார். ஆற்றின் இரு கரைக்கும் அது கேட்டது.

"எல்லாம் செத்துப்போச்சு அண்ணா."

"என் மரத்துல பூ கொட்டுதே, அது சாவு இல்லியா? உன் கண்ணுக்கு மரம் உசுராத் தெரியாது, மனுஷன் உசுராத் தெரியாது. விரல் நீளத்துக்கு ஒரு ஜந்து, அதுக்கு நீ மாலை போடறே. உன்னைப் படிக்க வச்சது எது? மீனா? இந்த வாய்க்கால்! இதுல ஓடின தண்ணியிலதான் உன் புஸ்தகம், உன் காலேஜ், உன் ஹாஸ்டல். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றவளை நான் பாத்திருக்கேன். அதைச் சம்பளத்துக்குப் பண்றவளை இப்பதான் பாக்கிறேன்."

அதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது. அவள் குனிந்து இரண்டாவது வரிசைக் கல்லைப் பிடித்தாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

விரலை ஏதோ கடித்தது. கடி என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு நெருடல். முகத்தைத் தண்ணீரோடு வைத்துப் பார்த்தாள். கீழ்வரிசைக் கற்களின் இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்து போய்க்கொண்டிருந்தது. அந்தக் கசிவில், ஒரு கல்லின் அடியில், முட்டைகள் பளபளவென்று கண்ணோடு இருந்தன. பெரிய தலையோடு ஒரு கல்லடியான் அவளை முறைத்துக்கொண்டு விசிறியது. அடுத்த இடுக்கில் இன்னொன்று. அதற்கடுத்ததில் இன்னொன்று. படுகையில் ஓட்டம் நின்றபோது மிஞ்சிய மீன்கள் ஓட்டம் இருந்த ஒரே இடத்துக்கு வந்து மறுபடியும் முட்டையிட்டிருந்தன.

அவள் கையெடுத்ததை அண்ணன் பார்த்தார். கொஞ்ச நேரம் புரியாமல் நின்றவருக்குப் புரிந்துவிட்டது. எப்போதுமே அவர் கெட்டிக்காரர்.

"என்ன, உடைக்க முடியலையா? உள்ள குடி வந்துட்டாங்களா?" அவர் குரல் குழைந்தது. "அடடா. நான் கட்டின வீட்டுல உன் மீன் இருக்கா? அப்ப இனி வரப்பைக் காப்பாத்தறது உன் பொறுப்பு. கோல் நிறைஞ்சே இருக்கும், மதகு மேலயே இருக்கும். நல்லாப் பாத்துக்க தங்கச்சி!"

இந்த முறை மதகுக்காரரும் சிரித்துவிட்டார்.

மீன்காரி தண்ணீரில் நின்றாள். சிரிப்பு அடங்கியது. வெயில் முதுகில் ஏறியது. உடைத்தால் கடைசி முட்டைகள் போகும். உடைக்காவிட்டால் கசிவு போதாமல், பொரிக்கிற குஞ்சு போக இடமில்லாமல், அதுவும் போகும். அவள் நின்ற நேரத்தில் பம்புசெட்டு இரண்டு முறை "போலாமா தலைவரே?" என்று கேட்டார். அண்ணன் அசையவில்லை. தங்கையின் மௌனத்தைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர் அவர். அது முடியும் இடத்தில் எதுவோ வரும் என்று அவருக்குத் தெரியும்.

"ஜீப்புல ஸ்பானர் இருக்கா?" என்று அவள் ஓட்டுநரைக் கேட்டாள்.

அளவுகோலை ஓர் இரும்புக் கம்பத்தில் நான்கு மரை போட்டு முடுக்கியிருந்தார்கள். அவள் நான்கையும் கழற்றினாள். கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வரப்பைச் சுற்றிக் கரை வழியாக இறங்கி, காய்ந்த படுகையின் நடுவே, அந்தக் கயிற்றுத் தண்ணீரில் நட்டாள். ஓட்டுநர் சுற்றிலும் கல் வைத்து இறுக்கினார். தண்ணீர் கோலின் அடிவிளிம்பைத்தான் நனைத்தது. சிவப்புக் கோடு உயரத்தில் வெறுமனே நின்றது.

"ஏய், என்ன பண்றே? கோலை நகர்த்தறே! இது மோசடி!"

"நீங்க ஆத்தையே நகர்த்தினீங்க. நான் கோலைத்தான் நகர்த்தறேன். கோலை எங்க நடணுங்கறது எங்க நிலையத்து முடிவு. உத்தரவுல அப்படித்தான் எழுதியிருக்கு."

"உன் அதிகாரியைக் கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்பார். அதான் கேக்கல."

பம்புசெட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கக் காலெடுத்தார். அண்ணன் அவர் தோளைப் பிடித்து இழுத்தார். "எங்க போறே? அவ மேல கை பட்டுது, உன்னை வெட்டிப் போட்டுடுவேன். இது எங்க வீட்டு விவகாரம்." இதைச் சொன்னபோதும் அவர் கண்கள் தங்கையை விட்டு அகலவில்லை. அந்தக் கண்களில் அன்பு துளியும் இல்லை.

மீன்காரி கோலைப் படம் எடுத்தாள். காய்ந்த சரளை, மேலே நாணல் மூடிய வரப்பு, அதற்குப் பின்னால் தேங்கிய குளம், எல்லாம் ஒரே படத்தில் விழுந்தது. குழுவில் போட்டாள். கரையில் நின்ற மூவரின் பைகளிலும் ஒரே நேரத்தில் டிங் என்றது.

சற்று நேரத்தில் அவள் போன் அடித்தது, அதிகாரி. எடுக்கவில்லை. பிறகு மதகுக்காரரின் போன் அடித்தது. அவர் எடுத்தார். "ஆமா சார்... இல்ல சார், எனக்குத் தெரியாது சார்... கோட்டுக்குக் கீழதான் சார்... சரி சார்." போனை வைத்தபோது அவருக்கு வியர்த்திருந்தது. "தலைவரே, பெரிய ஆபீசுல இருந்து. படத்தைப் பாத்துட்டாங்க. மதகை இறக்கச் சொல்றாங்க."

அண்ணன் மதகைப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார். பிறகு வரப்பையும் அதன் கீழே நிற்கும் தங்கையையும் பார்த்தார்.

"இறக்கு," என்றார். "ஆனா சக்கரத்தைச் சுத்தாத. பிடியைக் கழட்டி விட்டுடு."

மதகுக்காரர் விழித்தார். சக்கரத்தைச் சுற்றினால் மதகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பிடியைக் கழற்றினால் தன் பாரத்திலேயே ஒரேயடியாக விழும். வெள்ளக் காலத்தில் மட்டும்தான் அப்படிச் செய்வார்கள்.

"மொத்தத் தண்ணியும் ஒண்ணா வரட்டும்," என்றார் அண்ணன். "தண்ணி தண்ணின்னு கேட்டாளே, வாங்கிக்கட்டும். வரப்பும் போகும், அதுல இருக்கிற குடும்பமும் போகும். உத்தரவை நாம மீறலையே? இறக்கச் சொன்னாங்க, இறக்கினோம்."

மீன்காரி எல்லாவற்றையும் கேட்டாள். கோலை விட்டுவிட்டு நடந்து வந்து, வரப்புக்கு மேலே, தேங்கிய குளத்தில் முழங்காலுக்கு மேல் ஏறிய தண்ணீரில் இறங்கி, அணையைப் பார்த்து நின்றாள். வருகிற தண்ணீர் முதலில் அவள் மேல்தான் மோதும். பின்னால் வரப்பு.

"மேடம், வெளிய வந்துடுங்க," என்றார் ஓட்டுநர். "அடிச்சுக்கிட்டுப் போயிடும்."

"நீங்க கரைக்குப் போங்க."

மதகுக்காரர் மேடையேறி, சக்கரத்தருகே நின்றார். கை பிடியின் மேல் இருந்தது. அண்ணனைப் பார்த்தார்.

"வெளிய வா," என்றார் அண்ணன்.

அவள் திரும்பவில்லை.

"நாடகம் போடாத. உனக்கு நீச்சல்கூடத் தெரியாது. வெளிய வான்னு சொல்றேன்ல?"

பம்புசெட்டுகூட வாயை மூடிக்கொண்டிருந்தார். அண்ணன் கரையில் நாலடி முன்னே போனார், நாலடி பின்னே வந்தார். ஒரு கல்லை எடுத்து ஓங்கினார். எங்கே எறிவது என்று தெரியாமல் மணலில் போட்டார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தங்கை அணையையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஒரு முளைக்குச்சி மாதிரி.

"சுத்தியே இறக்கு," என்றார் கடைசியில், மேடையைப் பார்க்காமல். "மெதுவா. இவ செத்துத் தொலைஞ்சா கேசு என் தலையிலதான் விழும்."

சக்கரம் கிறீச்சிட்டது. வாய்க்காலின் கரையிலிருந்து தண்ணீர் ஒரு விரல் இறங்கியது, பிறகு இன்னொரு விரல். அணையின் உதட்டில் மெல்லிய கண்ணாடி போல ஒன்று வழிந்தது. அது தடித்தது. குளம் அவள் தொடைக்கு ஏறியது. வரப்பின் மேல் விளிம்பைத் தாண்டி, நாணல் தோகையை நகர்த்திக்கொண்டு, கற்களைக் கலைக்காமல், தண்ணீர் படுகைக்குள் இறங்கியது. காக்கைகள் காலை உதறிக்கொண்டு எழுந்தன. அது செத்த முட்டைகளின் மேல்தான் முதலில் ஓடியது. அவற்றுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அவள் கரையேறி ஒரு பாறையில் உட்கார்ந்தாள். புடவை காலோடு ஒட்டியிருந்தது. பம்புசெட்டு போய்விட்டார். அண்ணன் போகவில்லை.

"எவ்வளவு நாள் உக்காந்திருப்பே? நீ எழுந்து போன மறுநிமிஷம் கோல் பழைய எடத்துக்கு வந்துடும்."

"பொரிக்கிற வரைக்கும் போக மாட்டேன்."

"என் தோட்டம் காயும். அதுவரைக்கும் நானும் இங்கயேதான் இருப்பேன். பாத்துடலாம். அப்புறம் ஒண்ணு: அந்த வீட்டுப் படியை இனி மிதிச்சுடாத. மாடி உன்னோடதா இருக்கலாம். படிக்கட்டு என் நிலத்துல இருக்கு."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்காரப் பார்த்தார், முடியவில்லை. போனை எடுத்து யாரிடமோ கத்தினார். கொஞ்ச நேரத்தில் அண்ணி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோடு வந்தாள். நாற்காலியைப் போட்டு, பக்கத்தில் சாப்பாட்டு அடுக்கை வைத்தாள். எதிர்க்கரைப் பக்கம் ஒரு முறை பார்வை போனது, உடனே திரும்பிவிட்டது. போகும்போது நாத்தனாருக்குக் கேட்கிற மாதிரி மண்ணில் துப்பிவிட்டுப் போனாள்.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ஆற்றின் இந்தப் பக்கம் தங்கை, அந்தப் பக்கம் அண்ணன், நடுவில் வரப்பு. தண்ணீர் சிவப்புக் கோட்டை எட்ட இன்னும் நேரம் இருந்தது. ஆனால் சரளையின் மேல் ஓட்டம் பிடித்துவிட்டது. கல்லுக்குக் கல் முட்டிக்கொண்டு சலசலத்தது.

அவர் எதையோ சொன்னார். கையை நீட்டி, தலையை ஆட்டி, நீளமாகச் சொன்னார். வாய் அசைவதுதான் தெரிந்தது. தண்ணீரின் இரைச்சலில் ஒரு வார்த்தையும் இந்தக் கரைக்கு வந்து சேரவில்லை. என்ன என்று அவள் கேட்கவில்லை.